சென்னை மேற்குப் புறநகர்ப் பள்ளிகளில் வரலாற்றுக் கல்வி

சென்னை மேற்குப் புறநகர்ப் பள்ளிகளில் வரலாற்றுக் கல்வி என்பது அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி ஆகிய ஊர்களிலும் அவற்றைச் சூழ்ந்த பகுதிகளிலும் உள்ள உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் வரலாறு கற்பிக்கப்படுவதைக் குறிக்கும். இப்பகுதிப் பள்ளிகளில் பெரும்பாலானவை தமிழ்நாட்டு மாநிலப் பாடத்திட்டத்தைப் பின்பற்றுகின்றன. 10ஆம் வகுப்பு வரை வரலாறு, சமூக அறிவியல் பாடத்தின் ஒரு பகுதியாக எல்லா மாணவர்களுக்கும் கட்டாயமாக உள்ளது. 11, 12ஆம் வகுப்புகளில் அது விருப்பப் பாடம் ஆகும்.

இப்பகுதிக்கு ஒரு தனித்தன்மை உண்டு. பாடநூலில் இடம்பெறும் கற்காலம், சோழர் காலம், ஆங்கிலேயர் ஆட்சி, விடுதலைக்குப் பிந்தைய இந்தியா ஆகிய காலங்கள் ஒவ்வொன்றுக்கும் உரிய சான்றுகள் இங்கும் அருகிலுள்ள ஊர்களிலும் கிடைக்கின்றன. எனினும் பொதுத்தேர்வு பெரிதும் நினைவாற்றலையே அளவிடுவதால், இச்சான்றுகள் வகுப்பறைக்கு வெளியிலேயே நின்றுவிடுகின்றன என்பது வரலாற்றுக் கல்வி குறித்து எழுப்பப்படும் முக்கிய விமர்சனம் ஆகும்.

பின்னணி

பிரித்தானியர் ஆட்சிக் காலத்தில் இந்தியப் பள்ளிகளில் வரலாறு ஒரு தனிப் பாடமாக நிலைபெற்றது. அக்காலப் பாடநூல்கள் பலவும் இந்திய வரலாற்றை இந்து, முசுலிம், பிரித்தானியர் காலம் என மூன்றாகப் பிரித்தன. 1817ஆம் ஆண்டு வெளிவந்த சேம்சு மில்லின் பிரித்தானிய இந்திய வரலாற்று நூல் இப்பிரிவினைக்கு அடிப்படையாக அமைந்தது. விடுதலைக்குப் பின் இம்முறை கைவிடப்பட்டு, பண்டைய, இடைக்கால, நவீன காலம் என்னும் பகுப்பு வழக்கிற்கு வந்தது. அரசர்களின் வரிசையுடன் சமூகம், பொருளாதாரம், பண்பாடு ஆகியனவும் பாடத்தில் இடம்பெறத் தொடங்கின.

தமிழ்நாட்டில் 1978ஆம் ஆண்டு மேல்நிலைக் கல்வி (பிளஸ் டூ) அறிமுகப்படுத்தப்பட்டது. அதுவரை கல்லூரிகளில் நடத்தப்பட்ட புகுமுக வகுப்பு நீங்கி, 11, 12ஆம் வகுப்புகள் பள்ளியுடன் இணைந்தன. இதனால் வரலாற்றைத் தொடர்வதா விடுவதா என்பதை மாணவர்கள் 10ஆம் வகுப்பு முடித்தவுடன் முடிவு செய்ய வேண்டியதாயிற்று.

2010ஆம் ஆண்டு வரை தமிழ்நாட்டில் மாநில வாரியம், மெட்ரிகுலேசன், ஆங்கிலோ இந்தியன், ஓரியண்டல் என நான்கு வகைப் பாடத்திட்டங்கள் நடைமுறையில் இருந்தன. இவற்றை ஒன்றாக்கும் நோக்கில் 2010ஆம் ஆண்டு சமச்சீர் கல்விச் சட்டம் இயற்றப்பட்டது. 2010-11ஆம் கல்வியாண்டில் 1, 6ஆம் வகுப்புகளில் பொதுப் பாடத்திட்டம் தொடங்கியது. ஏனைய வகுப்புகளுக்கு அதை விரிவுபடுத்துவது தொடர்பான வழக்கில், 2011 ஆகத்து 9 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த பின்னர் 10ஆம் வகுப்பு வரை அது நடைமுறைக்கு வந்தது. இதன் பயனாக, அரசுப் பள்ளி மாணவரும் மெட்ரிகுலேசன் பள்ளி மாணவரும் ஒரே வரலாற்றைப் படிக்கும் நிலை ஏற்பட்டது. 2018-19, 2019-20ஆம் கல்வியாண்டுகளில் பாடநூல்கள் மீண்டும் முழுமையாக மாற்றி எழுதப்பட்டன.

பாடத்தின் அமைப்பு

மாநிலப் பாடத்திட்டத்தில் சமூக அறிவியல் என்பது வரலாறு, புவியியல், குடிமையியல், பொருளியல் ஆகிய நான்கும் சேர்ந்த ஒரே பாடம் ஆகும். 2018ஆம் ஆண்டில் அறிமுகமான 9ஆம் வகுப்பு நூலின் வரலாற்றுப் பகுதி மனிதப் பரிணாம வளர்ச்சியில் தொடங்குகிறது. பண்டைய நாகரிகங்கள், தொடக்ககாலத் தமிழ்ச் சமூகம், இடைக்காலம், புரட்சிகளின் காலம், தொழிற்புரட்சி ஆகியவற்றின் வழியாகச் சென்று, ஆசிய ஆப்பிரிக்க நாடுகளில் நிலவிய காலனியாதிக்கத்துடன் அது முடிகிறது.

2019ஆம் ஆண்டில் அறிமுகமான 10ஆம் வகுப்பு நூலின் வரலாற்றுப் பகுதியில் 10 அலகுகள் உள்ளன. முதல் நான்கு அலகுகள் இரு உலகப் போர்களையும் அவற்றுக்குப் பிந்தைய உலகத்தையும் விளக்குகின்றன. அடுத்த நான்கு அலகுகளில் 19ஆம் நூற்றாண்டுச் சீர்திருத்த இயக்கங்கள், தமிழகத்தில் நிகழ்ந்த தொடக்ககாலக் கிளர்ச்சிகள், தேசியத்தின் தோற்றம், காந்திய காலகட்டம் ஆகியன பேசப்படுகின்றன. இறுதி இரண்டு அலகுகள் தமிழ்நாட்டில் நடந்த விடுதலைப் போராட்டத்தையும் சமூக மாற்றங்களையும் பற்றியவை. நீதிக்கட்சி, சுயமரியாதை இயக்கம், தொழிலாளர் இயக்கங்கள் ஆகியன இறுதி அலகில் இடம்பெறுகின்றன.

நூல்கள் தமிழிலும் ஆங்கிலத்திலும் வெளியிடப்படுகின்றன. காலனியம், ஏகாதிபத்தியம், தேசியம், மறுமலர்ச்சி போன்ற கலைச்சொற்கள் பாடநூலில்தான் பெரும்பாலான மாணவர்களுக்கு முதன்முதலாக அறிமுகமாகின்றன. ஆகவே, சொற்பொருளை விளக்குவதும் வரலாற்று ஆசிரியரின் பணிகளுள் ஒன்றாகிறது.

மத்தியப் பாடத்திட்டம்

படைத்துறைத் தொழிற்சாலைகளும் படைத்துறை அலுவலகங்களும் மிகுந்த ஆவடியில் கேந்திரிய வித்தியாலயப் பள்ளிகள் பல உள்ளன. இவையும் சில தனியார் பள்ளிகளும் மத்திய இடைநிலைக் கல்வி வாரியத்தின் (சி.பி.எசு.இ.) பாடத்திட்டத்தைப் பின்பற்றுகின்றன. 2005ஆம் ஆண்டின் தேசியக் கலைத்திட்ட வடிவமைப்பை ஒட்டி, தேசியக் கல்வி ஆராய்ச்சி மற்றும் பயிற்சி நிறுவனம் 9, 10ஆம் வகுப்புகளுக்கான வரலாற்று நூல்களை முறையே 2006, 2007ஆம் ஆண்டுகளில் வெளியிட்டது. பிரெஞ்சுப் புரட்சி, உருசியப் புரட்சி, நாசிசம், காடும் மேய்ச்சலும் சார்ந்த மக்களின் வாழ்க்கை, அச்சுப் பண்பாடு போன்ற தலைப்புகளை அந்நூல்கள் ஆழமாக விளக்கின. ஆனால் தமிழ்நாட்டுக்கு அவற்றில் குறைவான இடமே இருந்தது.

இதன் விளைவாக, ஒரே தெருவில் வசிக்கும் இரு மாணவர்கள் வெவ்வேறு வரலாற்றைப் படிக்கும் நிலை இப்பகுதியில் உண்டு. ஒருவருக்கு வேலூர்ப் புரட்சியும் (1806) பாளையக்காரர் கிளர்ச்சியும் விரிவாகக் கற்பிக்கப்படுகின்றன. மற்றவர் அவற்றைப் பள்ளியில் ஏறக்குறைய அறியாமலே 10ஆம் வகுப்பை முடித்துவிட இயலும்.

தேர்வு முறை

10ஆம் வகுப்புப் பொதுத்தேர்வில் சமூக அறிவியல் தாளுக்கு 100 மதிப்பெண்கள் வழங்கப்படுகின்றன. தேர்ச்சி பெற 35 மதிப்பெண்கள் தேவை. சரியான விடையைத் தேர்வு செய்தல், கோடிட்ட இடங்களை நிரப்புதல், பொருத்துதல், குறுவினா, பெருவினா, காலக்கோடு வரைதல், நிலப்படத்தில் இடங்களைக் குறித்தல் ஆகிய வினா வகைகள் மாணவர்களுக்கு நன்கு பழக்கமானவை.

இவற்றுள் காலக்கோடும் நிலப்படமும் காலத்தையும் இடத்தையும் பற்றிய உணர்வை வளர்க்கக் கூடியவை. ஏனைய வினாக்களில் பெரும்பகுதி, பாடநூலின் வாசகங்களை நினைவில் வைத்திருந்தால் விடையளிக்கக் கூடியனவாக அமைகின்றன. பாடத்தின் பின்பகுதி வினாக்களை மட்டும் படிப்பதும், வழிகாட்டி நூல்களில் உள்ள விடைகளை மனப்பாடம் செய்வதும் இதனால் பரவலாகக் காணப்படுகின்றன. ஒரு நிகழ்வு எந்த ஆண்டில் நடந்தது என்று கேட்கப்படுகிறது. அது நடந்ததை நாம் எவ்வாறு அறிகிறோம் என்ற கேள்வி அரிதாகவே எழுகிறது. வரலாறு ஓர் அறிவுத்துறையாக நிலைபெறுவதே இந்த இரண்டாவது கேள்வியால்தான்.

பகுதியில் உள்ள வரலாற்றுச் சான்றுகள்

கற்காலம்

1863 மே 30 அன்று, புவியியலாளர் இராபர்ட் புரூசு ஃபூட் சென்னைக்குத் தெற்கேயுள்ள பல்லாவரத்தில் ஒரு கற்கருவியைக் கண்டெடுத்தார். இந்தியத் தொல்பழங்கால ஆய்வின் தொடக்கமாக இது கருதப்படுகிறது. அதே ஆண்டில் அவரும் வில்லியம் கிங்கும் கொசத்தலையாற்றுப் பள்ளத்தாக்கில் அத்திரம்பாக்கம் என்னும் இடத்தைக் கண்டறிந்தனர். சென்னையிலிருந்து ஏறத்தாழ 60 கி.மீ. வடமேற்கே அமைந்துள்ள இவ்வூர், ஆவடி அமைந்துள்ள அதே திருவள்ளூர் மாவட்டத்தைச் சேர்ந்தது.

சாந்தி பப்பு தலைமையிலான குழு 1999ஆம் ஆண்டு முதல் அங்கு அகழாய்வு செய்தது. மண்ணில் புதையுண்ட குவார்ட்சுக் கற்களில் உள்ள அலுமினியம், பெரிலியம் ஓரிடத்தான்களின் அளவைக் கொண்டு, அங்குள்ள தொன்மையான கருவிகள் சராசரியாக 15 லட்சம் ஆண்டுகள் பழமையானவை என்று இக்குழு கணித்தது. இம்முடிவு 2011ஆம் ஆண்டு 'சயின்சு' இதழில் வெளியானது. அதற்கு முன்னர் இந்தியாவின் இவ்வகைக் கருவிகளுக்கு இதைவிட மிகவும் பிந்தைய காலமே பொதுவாகக் கருதப்பட்டது. அதே இடத்தின் இடைப் பழங்கற்காலக் கருவிகள் ஏறத்தாழ 3,85,000 ஆண்டுகளுக்கு முன்னரே தோன்றிவிட்டன என்ற முடிவு 2018ஆம் ஆண்டு 'நேச்சர்' இதழில் வெளியானது.

9ஆம் வகுப்புப் பாடநூல் தமிழகத்தின் பழங்கற்காலப் பண்பாட்டை விளக்கும்போது அத்திரம்பாக்கத்தைக் குறிப்பிடுகிறது. அதன் அருகிலுள்ள பூண்டியில் தமிழ்நாடு அரசு தொல்லியல் துறையின் தொல்பழங்கால அகழ்வைப்பகம் உள்ளது. திருவள்ளூரை அடுத்த பட்டரைப்பெரும்புதூரில் அத்துறை 2015-16இல் நடத்திய அகழாய்வில் கற்காலம் முதல் தொடக்க வரலாற்றுக் காலம் வரையிலான தடயங்கள் கிடைத்தன. புதிய சான்றும் புதிய முறையும் கிடைக்கும்போது வரலாற்று முடிவுகள் திருத்தப்படுகின்றன என்பதை விளக்க, மாணவர்களுக்கு இவற்றைவிட அண்மையான எடுத்துக்காட்டுகள் இல்லை எனலாம்.

கோயில்களும் கல்வெட்டுகளும்

அம்பத்தூரை ஒட்டிய பாடியில் உள்ள திருவலிதாயமும், ஆவடிக்கு அருகிலுள்ள வடதிருமுல்லைவாயிலும் தேவாரப் பாடல் பெற்ற தலங்கள் ஆகும். இக்கோயில்களில் சோழர் காலக் கல்வெட்டுகள் உள்ளன. பெரியபுராணத்தை இயற்றிய சேக்கிழார், பூந்தமல்லிக்கு அருகிலுள்ள குன்றத்தூரில் பிறந்தவர்.

கல்வெட்டுகள் பொதுவாக அரசனின் பெயர், ஆட்சியாண்டு, நாடு, ஊர், கொடையின் விவரம் ஆகியவற்றைத் தெரிவிக்கின்றன. அவற்றில் கி.பி. ஆண்டு குறிக்கப்படுவதில்லை. எடுத்துக்காட்டாக, முதலாம் இராசராசன் கி.பி. 985இல் அரியணை ஏறினான். ஆகவே அவனது ஏழாம் ஆட்சியாண்டைச் சேர்ந்த ஒரு கல்வெட்டு, ஏறத்தாழ கி.பி. 991-992ஐச் சேர்ந்தது என்று கணக்கிடலாம். பாடநூலில் அச்சிடப்பட்ட ஆண்டுகள் இவ்வாறான கணக்குகளின் முடிவுகளே என்பதை மாணவர்கள் இதன் மூலம் உணர முடியும். முல்லைக்கொடி சுற்றிய தொண்டைமானின் கதை போன்ற தலபுராணச் செய்திகளையும் கல்வெட்டுச் செய்திகளையும் ஒப்பிடும்போது, சான்றுகளில் பல வகைகள் உண்டு என்பதும், ஒவ்வொரு வகைக்கும் அதற்குரிய வாசிப்பு முறை தேவை என்பதும் தெளிவாகும்.

ஆங்கிலேயர் காலம்

பூந்தமல்லி, 18ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஆர்க்காடு நவாபிடமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனிக்குக் கிடைத்த பகுதிகளுள் ஒன்றாகும். பின்னர் செங்கல்பட்டு சாகீர் எனப்பட்ட நிலப்பரப்பில் அது அடங்கியிருந்தது. 1767 முதல் 1774 வரை தாமசு பர்னார்டு என்பவர் இந்நிலப்பரப்பின் ஏறத்தாழ 2,000 ஊர்களை அளவிட்டு, நிலம், ஏரி, வீடுகள், தொழில்கள் ஆகியவற்றின் விவரங்களைத் திரட்டினார். இதற்கு அடிப்படையான ஊர்க்கணக்குகள் தமிழில் ஓலைகளில் எழுதப்பட்டிருந்தன. போர்களும் உடன்படிக்கைகளும் நிறைந்த பாடநூலின் 18ஆம் நூற்றாண்டுக்குள், சாதாரண மக்களின் வாழ்க்கையைக் கொண்டுவரும் ஆவணங்களாக இவை மதிக்கப்படுகின்றன.

தென்னிந்தியாவின் முதல் பயணிகள் தொடர்வண்டி 1856 சூலை 1 அன்று இராயபுரத்திலிருந்து வாலாசா சாலை வரை ஓடியது. அப்பாதை அம்பத்தூர், ஆவடி, திருவள்ளூர் வழியாகவே செல்கிறது. இப்பகுதி மாணவர்கள் பலர் அன்றாடம் பயணம் செய்வது இதே பாதையில்தான்.

விடுதலைக்குப் பின்

இந்திய தேசிய காங்கிரசின் 60ஆவது மாநாடு 1955 சனவரியில் ஆவடியில் நடைபெற்றது. யு. என். தேபர் தலைமை வகித்த அம்மாநாட்டில், 'சோசலிச பாணிச் சமுதாயம்' அமைப்பதே குறிக்கோள் என்னும் தீர்மானம் நிறைவேற்றப்பட்டது. அப்போது சவகர்லால் நேரு இந்தியப் பிரதமராகவும் காமராசர் சென்னை மாநில முதலமைச்சராகவும் இருந்தனர். பொதுத்துறைத் தொழில்களுக்கு முதன்மை அளித்த இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டம் (1956-1961) அடுத்த ஆண்டில் தொடங்கியது.

ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை 1961ஆம் ஆண்டு நிறுவப்பட்டது. விசயந்தா பீரங்கி வண்டி 1965ஆம் ஆண்டு அங்கு உருவாக்கப்பட்டது. அம்பத்தூர்த் தொழிற்பேட்டை 1964ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. வேலை தேடிப் பல மாவட்டங்களிலிருந்தும் பிற மாநிலங்களிலிருந்தும் வந்த குடும்பங்கள் இவ்வூர்களில் குடியேறின. இவ்வகையில், பல மாணவர்களின் குடும்ப வரலாறே நாட்டின் தொழில்மயமாக்க வரலாற்றின் ஒரு பகுதியாகிறது. கிழக்கே பெரம்பூர் ஆலைத் தொழிலாளர்களிடையே 1918ஆம் ஆண்டு தோன்றிய சென்னைத் தொழிலாளர் சங்கம், 10ஆம் வகுப்பின் இறுதி அலகைப் படிக்கும்போது நினைவுகூரத் தக்கது.

வட்டார வரலாற்றைக் கற்பிக்கும் முறைகள்

மேற்கண்ட சான்றுகளைப் பாடத்துடன் இணைக்கப் பெரும் பொருட்செலவு தேவையில்லை. பின்வரும் முறைகள் பொதுவாகப் பரிந்துரைக்கப்படுகின்றன.

களப்பயணம்: ஒரு கோயில், அருங்காட்சியகம் அல்லது பழைய கட்டடத்துக்குச் சென்று, கண்டவற்றைக் குறிப்பெடுத்தல். கல்வெட்டின் மீது சுண்ணாம்போ வண்ணமோ பூசுவது அதைச் சிதைக்கும் என்பதை மாணவர்களுக்கு முன்னரே அறிவுறுத்த வேண்டும்.

வாய்மொழி வரலாறு: தொழிற்சாலைகளில் பணியாற்றி ஓய்வு பெற்றோர், நீண்ட காலமாக ஊரில் வாழ்வோர் ஆகியோரிடம் வினாக்கள் கேட்டுப் பதிவு செய்தல். ஒரே நிகழ்வைப் பற்றி இருவர் கூறுவது வேறுபடும்போது, அந்த வேறுபாட்டையும் பதிவு செய்து காரணத்தை ஆராயலாம்.

ஆவணங்களை ஒப்பிடுதல்: பழைய நிலப்படத்தையும் இன்றைய நிலப்படத்தையும் அருகருகே வைத்து, மறைந்த ஏரிகள், புதிய சாலைகள், மாறிய ஊர்ப்பெயர்கள் ஆகியவற்றைக் கண்டறிதல். சென்னை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் பிரித்தானியர் கால அரசு ஆவணங்கள் பாதுகாக்கப்படுகின்றன.

தொன்மை மன்றங்கள்: தமிழ்நாட்டின் சில அரசுப் பள்ளிகளில் தொன்மைப் பாதுகாப்பு மன்றங்கள் செயல்பட்டு வந்துள்ளன. மாணவர்கள் தம் ஊரில் கிடைக்கும் பானை ஓடுகள், காசுகள், கல்வெட்டுகள் ஆகியவற்றை அடையாளம் காண இவை பயிற்சி அளிக்கின்றன.

மேல்நிலை வகுப்புகளில் வரலாறு

11, 12ஆம் வகுப்புகளில் வரலாறு பொதுவாகப் பொருளியல், வணிகவியல், கணக்குப்பதிவியல் போன்ற பாடங்களுடன் சேர்ந்த கலைப் பிரிவில் இடம்பெறுகிறது. 11ஆம் வகுப்பு நூல் தொல்பழங்காலம் முதல் ஆங்கிலேயர் ஆட்சி வரையிலான இந்திய வரலாற்றையும், 12ஆம் வகுப்பு நூல் இந்திய தேசிய இயக்கத்தையும் நவீன உலக வரலாற்றையும் விளக்குகின்றன.

பொறியியல், மருத்துவப் படிப்புகளை நோக்கிய குடும்பங்கள் அறிவியல் பிரிவையே முதலில் நாடுகின்றன. 10ஆம் வகுப்பில் குறைந்த மதிப்பெண் பெற்றவர்களுக்கு உரியது கலைப் பிரிவு என்ற எண்ணமும் சமூகத்தில் நிலவுகிறது. இதற்கு முரணான ஒரு நிலையும் காணப்படுகிறது. தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் போட்டித் தேர்வுகளில் இந்திய வரலாறும், தமிழ்நாட்டின் வரலாறு, மரபு, சமூக-அரசியல் இயக்கங்கள் ஆகியனவும் முக்கிய இடம் பெறுகின்றன. அதனால் பள்ளியில் வரலாற்றைத் தவிர்த்த பலர், பட்டம் பெற்ற பின்னர் அதே பள்ளிப் பாடநூல்களை மீண்டும் வாங்கிப் படிக்கின்றனர்.

பிற நாடுகளில்

இலங்கையில் இடைநிலை வகுப்புகளில் வரலாறு தனிப் பாடமாகவும், க. பொ. த. சாதாரண தரத்தில் கட்டாயப் பாடமாகவும் 2000களில் ஆக்கப்பட்டது. இங்கிலாந்தில் 14 அகவை வரை மட்டுமே வரலாறு கட்டாயம். அங்கு 1972ஆம் ஆண்டு தொடங்கிய பள்ளிகள் மன்ற வரலாற்றுத் திட்டம், மாணவர்கள் சான்றுகளைத் தாமே ஆராய்ந்து முடிவு காண வேண்டும் என்ற அணுகுமுறையைப் பள்ளிகளில் பரப்பியது. சான்றுப் பகுதி ஒன்றைக் கொடுத்து, அதன் நம்பகத்தன்மையை மதிப்பிடச் சொல்லும் வினாக்கள் பின்னர் அங்கு தேர்வுகளிலும் இடம்பெற்றன.

சிக்கல்கள்

9, 10ஆம் வகுப்புகளில் சமூக அறிவியலின் நான்கு பிரிவுகளையும் பொதுவாக ஒரே பட்டதாரி ஆசிரியர் கற்பிக்கிறார். வரலாறு பயின்றவர் புவியியலையும், புவியியல் பயின்றவர் வரலாற்றையும் நடத்த வேண்டியுள்ளது. பாடப்பகுதி மிகுதியாகவும் காலம் குறைவாகவும் இருப்பதால், களப்பயணத்துக்கோ உரையாடலுக்கோ வாய்ப்பு சுருங்குகிறது.

மற்றொரு சிக்கல் சான்றுகளின் அழிவு ஆகும். 2011ஆம் ஆண்டு அம்பத்தூர் சென்னை மாநகராட்சியுடன் இணைக்கப்பட்டது. ஆவடி 2019ஆம் ஆண்டு தனி மாநகராட்சியானது. நகரம் விரியும்போது ஏரிக்கரைகள், பழைய வீடுகள், பெயர்ப்பலகைகள், ஊரின் நினைவைத் தாங்கிய முதியவர்கள் ஆகியோரும் ஆகியவையும் மறைந்து வருகின்றனர். பாடநூலை மீண்டும் அச்சிடலாம். பதிவு செய்யப்படாமல் மறைந்த ஒரு சான்றை மீட்க இயலாது. இதனால், இப்பகுதி மாணவர்கள் தம் ஊரைப் பற்றி எழுதிவைக்கும் ஒரு செயல்திட்டக் குறிப்பேடு கூட, பிற்கால ஆய்வாளர்களுக்கு வரலாற்றுச் சான்றாகும் வாய்ப்பைப் பெற்றுள்ளது.